48 வோல்ட் எங்கிருந்து வந்தது?

மிக்ஸரோ, கணினியோடு சேர்க்கிற ஆடியோ இன்டர்ஃபேஸோ, எதை எடுத்துப் பார்த்தாலும் ஓர் ஓரத்தில் '48வி' என்று எழுதின சின்ன பட்டன் ஒன்று இருக்கும். கண்டென்சர் மைக் செருகினால் அதை அழுத்தணும், இல்லாவிட்டால் மைக் பேசாது. அந்தப் பட்டன் இல்லாத பழைய மிக்ஸர் வைத்திருப்பவர்கள் தனியாக ஒரு பெட்டி வாங்கி மைக்குக்கும் மிக்ஸருக்கும் நடுவில் வைக்கிறார்கள். அந்தப் பெட்டியின் தலையிலும் அதே 48தான். இதற்குப் பெயர் ஃபேன்டம் பவர்.

ஏன் 48? முழுசாக 50 என்று வைத்திருக்கலாம். கார் பேட்டரி போல 12 என்று வைத்திருக்கலாம். இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் நார்வே நாட்டு வானொலி நிலையத்தின் விளக்குகளில் போய் முடிகிறது. அந்த இடத்துக்குப் போவதற்குள் ஓர் ஐம்பது வருஷத்தைக் கடக்க வேண்டும். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். வெளியே வைக்கிற பெட்டியை ஏதோ பட்டன் இல்லாதவர்களுக்கான ஒட்டுவேலை மாதிரி பலர் நினைக்கிறார்கள். வரலாற்றுப்படி பெட்டிதான் மூத்தது. பட்டன் பின்னால் பிறந்தது.

முதலில் இந்த மைக்குக்கு மின்சாரம் எதுக்கு என்று பார்த்துவிடலாம். டைனமிக் மைக் தானே மின்சாரம் உண்டாக்கும். அதில் ஒரு காந்தம், ஒரு கம்பிச்சுருள். குரல் பட்டால் சுருள் ஆடும், சிக்னல் வரும். சைக்கிள் டைனமோ மாதிரிதான். கண்டென்சர் மைக்கின் ஏற்பாடு வேறு. ஒரு கனமான உலோகத் தட்டு, அதற்கு முன்னால் மயிரிழை இடைவெளி விட்டு இழுத்துக் கட்டிய மெல்லிய சவ்வு. இரண்டும் சேர்ந்து ஒரு கண்டென்சர். இரண்டுக்கும் நடுவே 40லிருந்து 80 வோல்ட் வரை கொடுத்து வைத்தால், குரல் பட்டுச் சவ்வு ஆடும்போது இடைவெளி மாறும், அதனால் மின்னழுத்தம் மாறும். அந்த மாற்றம்தான் நம்ம சிக்னல்.

சிக்கல் இனிமேல்தான். அந்தச் சின்னக் கண்டென்சரின் கொள்ளளவு சில பத்து பிகோஃபாரட் மட்டும். சாதாரணக் கேபிள் ஒரு மீட்டர் போட்டாலே கிட்டத்தட்ட அந்த அளவு கொள்ளளவு கேபிளுக்கு உண்டு. அதாவது சிக்னலில் பெரும்பகுதியைக் கேபிளே தின்றுவிடும். அதனால் சவ்வுக்குப் பக்கத்திலேயே, அதன் கழுத்தைக் கட்டிக்கொண்ட மாதிரி, ஓர் ஆம்ப்ளிஃபயர் இருந்தாக வேண்டும். ஆக மின்சாரம் இரண்டு வேலைக்குத் தேவை: ஒன்று சவ்வுக்கு, இன்னொன்று அந்த ஆம்ப்ளிஃபயருக்கு.

இந்த மைக்கை 1916ல் செய்தவர் அமெரிக்காவின் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தில் வேலை பார்த்த எட்வர்டு வென்ட்டி. 1917ல் அதைப் பற்றி ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார். பாட்டைப் பதிவு செய்யணும் என்று அவர் இறங்கவில்லை. ஒலியின் அளவைத் துல்லியமாக அளக்க ஒரு கருவி வேண்டியிருந்தது, அவ்வளவுதான். தொலைபேசியில் அப்போது இருந்த கார்பன் மைக் கரகரக்கும், சில சுரங்களைத் தூக்கும், சிலதை அமுக்கும். அளவுகோலாக அதை வைத்துக்கொள்ள முடியாது. அளக்கப் பிறந்த கருவி இவ்வளவு நேர்மையாகக் கேட்கிறதே என்று பார்த்துத்தான், 1920களில் அதை ஒலிபரப்புக்கும் இசைத்தட்டுக்கும் பேசும்படத்துக்கும் கொண்டுபோனார்கள்.

அந்தக் காலத்தில் ஆம்ப்ளிஃபயர் என்றால் வால்வுதான். வால்வு ஒரு செலவாளி. உள்ளே இருக்கிற இழையைச் சூடாக்க ஒரு மின்சாரம், பிளேட்டுக்கு நூறு, இருநூறு வோல்ட்டில் இன்னொரு மின்சாரம் என்று தனித்தனியாகக் கேட்கும். தொடக்கத்தில் இதையெல்லாம் பேட்டரியில்தான் ஓட்டினார்கள். மைக் நடிகர் தலைக்கு மேல், பேட்டரிகள் தரையில், நடுவே பல இழைகள் கொண்ட தடித்த கேபிள். வெளியே வைத்த பவர் சப்ளை என்கிற யோசனை கண்டென்சர் மைக் ஸ்டுடியோவுக்குள் நுழைந்த நாளிலேயே கூட வந்துவிட்டது. வேறு வழி இல்லை.

1928ல் பெர்லினில் கியோர்க் நொய்மன் சொந்தமாகக் கம்பெனி தொடங்கி சிஎம்வி 3 என்ற மைக்கை விற்பனைக்குக் கொண்டுவந்தார். ஏறக்குறைய 40 செ.மீ. உயரம், 3 கிலோ எடை. உருவத்தைப் பார்த்து அதற்கு 'நொய்மன் பாட்டில்' என்றே பெயர் வந்துவிட்டது. அந்தப் பாட்டிலுக்குள் பெரும்பகுதி இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது வால்வு ஆம்ப்ளிஃபயர். மேலே உட்கார்ந்திருக்கும் சின்ன உருண்டைதான் காது. (மைக்குக்கு மின்சாரம் ஊட்டுவதே பாடாக இருந்த இந்த மனிதர் பேரில் பேட்டரி கண்டுபிடிப்பு ஒன்றும் இருக்கிறது. காற்றுப்புகாமல் மூடிய நிக்கல்-காட்மியம் பேட்டரிக்கு வழி கண்டவர்களில் அவரும் ஒருவர். அது 1947ல்.)

போருக்குப் பிறகு, 1949ல் வந்தது யு 47. சினாத்ராவும் பீட்டில்ஸும் பாடிய மைக் என்று இன்றும் கொண்டாடுகிறார்களே, அதுதான். அதற்குள் டெலிஃபுங்கன் செய்த விஎஃப் 14 என்ற வால்வு. வெளியே ஒரு இரும்புப் பெட்டி. சுவர் மின்சாரத்தை வாங்கிச் சுமார் 105 வோல்ட் நேர்மின்சாரமாக மாற்றித் தரும். 1953ல் ஆஸ்திரியாவின் ஏகேஜி நிறுவனம் சி 12 கொண்டுவந்தது. அதற்கும் தனிப் பெட்டி. மைக் எந்தப் பக்கம் கேட்கணும் என்பதையும் தூரத்திலிருந்தே மாற்றிக்கொள்கிற திருகு அதில் உண்டு.

1950களின் ஸ்டுடியோ ஒன்றைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஆர்க்கெஸ்ட்ரா பதிவுக்கு ஐந்து மைக் வைத்தால் தரையில் ஐந்து பெட்டி. ஒவ்வொன்றுக்கும் சுவரில் ஒரு பிளக். ஒன்றின் பெட்டி இன்னொன்றுக்குச் சேராது, ஏனென்றால் வால்வு வேறு, வோல்ட்டேஜ் வேறு, கனெக்டரின் பின்கள் வேறு. டைனமிக் மைக்கை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கண்டென்சர் வைக்கணும் என்றால் கேபிளையே மாற்றணும். நூற்றுக்கணக்கில் மைக் வைத்திருக்கும் வானொலி நிலையத்துக்கு இது தினப்படி தலைவலி. ஒலித்தரத்தில் யாருக்கும் குறை இல்லை. குறையெல்லாம் தரையில் கிடந்த பெட்டிகளாலும் கேபிள்களாலும்தான். இதை அழுத்திச் சொல்லக் காரணம், அடுத்து வந்த மாற்றத்தைக் கேட்டு வாங்கியதில் வானொலி நிலையங்களின் பங்கு பெரியது. மைக் கம்பெனிகள் தாமாக யோசித்துச் செய்தது மட்டுமில்லை அது.

டிரான்சிஸ்டர் வந்ததும் கணக்கு மாறியது. இழையைச் சூடாக்க வேண்டாம், நூறு வோல்ட் வேண்டாம், ஒரு மில்லி ஆம்பியருக்கும் குறைவான மின்சாரத்தில்கூட மைக் ஓடும். இவ்வளவு கொஞ்சம்தான் வேண்டும் என்றால் அதற்குத் தனிக் கேபிள் எதுக்கு? சிக்னல் வருகிற அதே கம்பியிலேயே மின்சாரத்தை அனுப்பிவிடலாமே?

இங்கே இரண்டு வழி பிறந்தது.

ஸ்டுடியோக் கேபிளில் மூன்று பாதை உண்டு: சிக்னலுக்கு இரண்டு கம்பி, சுற்றிலும் ஷீல்டு. முதல் வழியில், ஒரு சிக்னல் கம்பியில் மின்சாரம் போகும், மற்றதில் திரும்பும். 12 வோல்ட். ஜெர்மன்காரர்கள் இதை 'டோன்ஆடர்' என்றார்கள், சிக்னல் கம்பி என்று அர்த்தம். அதுவே சுருங்கி டி-பவர் ஆனது. இரண்டாவது வழியில், இரண்டு சிக்னல் கம்பியிலும் ஒரே அளவு மின்னழுத்தத்தை ஏற்றி, ஷீல்டு வழியாகத் திருப்பிக்கொள்வது. இதுதான் ஃபேன்டம்.

வித்தியாசம் என்ன என்றால், டைனமிக் மைக்கை அதே கேபிளில் தெரியாமல் செருகினால் என்ன ஆகும் என்று யோசித்தால் புரிந்துவிடும். அதன் சுருள் இரண்டு சிக்னல் கம்பிக்கும் நடுவில் இருக்கிறது. டி-பவரில் ஒரு கம்பிக்கும் மற்றதுக்கும் 12 வோல்ட் வித்தியாசம், ஆகவே சுருள் வழியாக மின்சாரம் பாயும். சுருளை ஒரு பக்கமாகத் தள்ளிவிடும், ஒலி கோணலாகும், மைக் கெட்டுப்போகவும் வாய்ப்புண்டு. ஃபேன்டமில் இரண்டு கம்பியும் ஒரே உயரத்தில் நிற்கின்றன. ஒரே மட்டத்தில் உள்ள இரண்டு குளத்தை வாய்க்கால் வெட்டி இணைத்தால் தண்ணீர் நகருமா? நகராது. டைனமிக் மைக்குக்கு அப்படி ஒரு மின்சாரம் இருப்பதே தெரியாது. தேவைப்படுகிறவன் எடுத்துக்கொள்வான், தேவைப்படாதவனைத் தொடாது.

கண்ணுக்குத் தெரியாமல் கூடவே வருவதால்தான் அந்தப் பேர். ஃபேன்டம் என்றதும் ராணி காமிக்ஸ் மாயாவி ஞாபகம் வருகிறவர்கள் தாராளமாக அப்படியே நினைத்துக்கொள்ளலாம், பொருள் ஏறக்குறைய அதுதான். ஆனால் பேர் மைக்காரர்கள் வைத்ததில்லை, தந்தி-தொலைபேசிக்காரர்களிடமிருந்து வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலேயே, இரண்டு ஜோடிக் கம்பியில் இரண்டு உரையாடல் போகும்போது, ஒவ்வொரு ஜோடியையும் ஒற்றைக் கம்பி மாதிரி பாவித்து மூன்றாவதாக ஓர் உரையாடலை அதே கம்பிகளில் ஏற்றும் வித்தையைக் கண்டுபிடித்துவிட்டார்கள். இல்லாத கம்பியில் ஓடிய அந்தப் பாதைக்கு 'ஃபேன்டம் சர்க்யூட்' என்று பெயர். ஜோடிக் கம்பி இரண்டையும் சேர்த்து ஏற்றினால் உள்ளே போகிற பேச்சுக்குத் தெரியாது என்பதுதான் அங்கேயும் சூட்சுமம். மைக் அதை இரவல் வாங்கிக்கொண்டது.

1964ல் ஜெர்மனியின் ஷோப்ஸ் நிறுவனம் சிஎம்டி 20 என்ற மைக்கைக் கொண்டுவந்தது. பிரெஞ்சு வானொலி கேட்டபடி செய்தது. கடைக்கு வந்த முதல் ஃபேன்டம் மைக் இதுதான். ஆனால் 48 இல்லை, 9லிருந்து 12 வோல்ட் வரை. அதிலும் பாசிட்டிவ் முனை பூமியோடு சேர்ந்திருந்தது, இன்றைய முறைக்குத் தலைகீழ். அது அப்படியே வென்றிருந்தால் இன்றைக்கு நம்ம பட்டனில் வேறு எண் இருந்திருக்கும்.

இரண்டு வருஷம் கழித்து, 1966ல், நொய்மன் கம்பெனி தன் புது டிரான்சிஸ்டர் மைக்கை நார்வே அரசு வானொலியான என்ஆர்கேவுக்குக் கொண்டுபோனது. கேஎம் 84 என்ற அந்த மைக் பென்சில் மாதிரி மெலிசானது. நார்வேக்காரர்கள் ஃபேன்டம் முறையில்தான் வேண்டும் என்றார்கள். சரி, எத்தனை வோல்ட்? நொய்மன் நிறுவனமே சொல்லிவருகிற கதை இது: ஓஸ்லோவில் டிசம்பர் மாதம் பகல் என்பதே ஆறு மணி நேரம்தான். அவசர விளக்குகளுக்காக நிலையத்தில் ஏற்கனவே 48 வோல்ட் நேர்மின்சாரம் ஓடிக்கொண்டிருந்தது. இருக்கிறதை எடுத்துக்கொள்வோமே என்றார்கள். அவ்வளவுதான். உலகத்தில் இன்று ஓடுகிற கண்டென்சர் மைக்குகள் ஓர் இருட்டு ஊரின் விளக்குக் கம்பியிலிருந்து தங்கள் எண்ணைப் பெற்றுக்கொண்டன.

கதை இத்தோடு நின்றால் ஏதோ குலுக்கலில் விழுந்த எண் போல ஆகிவிடும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. விளக்குக்கு ஏன் 48 வைத்தார்கள்? ஈய-அமில பேட்டரியின் ஒரு செல் 2 வோல்ட். 24 செல்லை வரிசையாகக் கட்டினால் 48. தொலைபேசி எக்ஸ்சேஞ்சுகளும் இதே கணக்கில்தான் 48 வோல்ட்டில் ஓடின. தூரத்துக்குப் போகப் போதுமான அழுத்தம், அதே சமயம் தொட்டால் ஆளைக் கொல்லாத அழுத்தம் என்று பார்த்துப் பல காலமாகப் பழகின எண் அது. மைக்குக்கும் அது பொருந்திப் போனது. சவ்வுக்குக் குறைந்தது 40 வோல்ட் வேண்டும் என்று மேலே சொன்னேன் இல்லையா? 48 வந்தால் அதை அப்படியே சவ்வுக்குக் கொடுத்துவிடலாம். கேஎம் 84 அப்படித்தான் செய்தது. 12 வோல்ட் வந்திருந்தால் மைக்குக்குள்ளேயே அதை உயர்த்திக்கொள்ள ஒரு சர்க்யூட் வைக்கணும், அதற்கு இடம் வேண்டும், அதுவே இரைச்சல் போடவும் கூடும். தற்செயலாகக் கிடைத்த எண், ஆனால் தகுதியில்லாமல் நிலைத்த எண் இல்லை.

பிறகு ஜெர்மன் தரநிர்ணயம் டிஐஎன் 45596 இதை எழுத்தில் கொண்டுவந்தது. இன்று சர்வதேச அளவில் ஐஇசி 61938. அதில் 12, 24, 48 என்று மூன்று ஃபேன்டம் வோல்ட்டேஜ் இருக்கின்றன. தாளில் மூன்று, நடைமுறையில் 48தான் ராஜா.

டி-பவர் உடனே செத்துவிடவில்லை. சினிமாக்காரர்கள் அதை ரொம்ப நாள் விடவில்லை. வெளிப்புறப் படப்பிடிப்பில் நாக்ரா டேப் ரெக்கார்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு பேட்டரியில் ஓட்டுகிறவருக்கு 12 வோல்ட் கைக்கெட்டியது. 48க்கு ஏற்றுவது கூடுதல் வேலை. சென்ஹைசரின் நீளமான துப்பாக்கி மைக்குகள் பல அந்த முறையில் வந்தன. ஸ்டுடியோவின் நியாயம் வேறு. அங்கே ஒரே கேபிளில் காலையில் டைனமிக், மாலையில் கண்டென்சர் என்று மாறிக்கொண்டிருக்கும். யாரோ ஓர் உதவியாளர் இருட்டில் தப்பாகச் செருகினாலும் ஒன்றும் ஆகக்கூடாது. ஃபேன்டம் வென்றதற்கு இந்த மன்னிக்கும் குணம்தான் பெரிய காரணம் என்பது என் கட்சி.

இதற்கப்புறம் மிக்ஸர் செய்கிறவர்கள் அந்தப் பெட்டியைத் தங்கள் மேசைக்குள் விழுங்கிவிட்டார்கள். வெளியே மிஞ்சியது பட்டன். ஆனாலும் தனிப் பெட்டிக்கு வேலை போகவில்லை. பழைய மிக்ஸர்களுக்கு, ஃபேன்டம் இல்லாத ரெக்கார்டர்களுக்கு அது வேண்டியிருந்தது. நொய்மனே 9 வோல்ட் பேட்டரியில் ஓடுகிற கையடக்கப் பெட்டி ஒன்று விற்றது.

அந்தப் பெட்டிக்குள் அப்படி என்னதான் இருக்கிறது? பெரிதாக ஒன்றுமில்லை. 48 வோல்ட் உண்டாக்கும் பகுதி. அங்கிருந்து ஒவ்வொரு சிக்னல் கம்பிக்கும் ஒரு 6.8 கிலோ ஓம் ரெசிஸ்டர். மிக்ஸர் பக்கம் நேர்மின்சாரம் போகாமல் தடுக்க இரண்டு கண்டென்சர். அந்த இரண்டு ரெசிஸ்டரும் ஒன்றுக்கொன்று கச்சிதமாகப் பொருந்தணும், வித்தியாசம் 0.4 சதவீதத்துக்குள். குளம் இரண்டும் ஒரே மட்டத்தில் இருக்கணும் என்றேனே, அதைப் பார்த்துக்கொள்வது இந்த ஜோடிதான். மட்டம் பிசகினால் ஹம் உள்ளே வரும்.

மைக் எவ்வளவு இழுக்கிறதோ அவ்வளவுக்கு வோல்ட் இறங்கும் என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. இரண்டு ரெசிஸ்டரும் சேர்ந்து 3.4 கிலோ ஓம். மைக் 2 மில்லி ஆம்பியர் இழுத்தால் சுமார் 7 வோல்ட் இறங்கி, 41 போய்ச் சேரும். தரம் அனுமதிக்கிற உச்சமான 10 மில்லி ஆம்பியர் இழுத்தால் 34 வோல்ட் ரெசிஸ்டரிலேயே போய்விடும், மைக்குக்கு 14தான். அதனால் பெட்டியில் 48 என்று எழுதியிருப்பது பாதிச் செய்தி. எவ்வளவு மின்சாரம் தரும் என்பது மீதி. யுஎஸ்பியின் 5 வோல்ட்டை ஏற்றி 48 ஆக்குகிற சில மலிவுப் பெட்டிகள் சும்மா இருக்கும்போது 48 காட்டும், பசியுள்ள மைக்கைச் செருகினதும் சுருண்டுவிடும். மைக் செத்துவிடாது, ஆனா பாடகர் உச்சத்துக்குப் போகும்போது உடைந்து கேட்கும். பழி மைக் மேல் விழும்.

மல்டிமீட்டர் இருந்தால் ஒரு நிமிஷத்தில் பார்த்துவிடலாம். மைக்கைக் கழற்றிவிட்டு, கேபிளின் மைக் முனையில் 1க்கும் 2க்கும் நடுவே, பிறகு 1க்கும் 3க்கும் நடுவே அளந்து பாருங்கள். இரண்டும் 44லிருந்து 52க்குள், ஒன்றுக்கொன்று சமமாக இருக்கணும். மீட்டரை மில்லி ஆம்பியருக்கு மாற்றி அதே இடங்களில் வைத்தால் சுமார் 7 காட்டணும். 3, 4 என்று நொண்டினால் அந்தப் பெட்டியை நம்பாதீங்க.

பயன்படுத்துகிற முறையில் விசேஷம் எதுவும் இல்லை: மைக், பெட்டி, மிக்ஸர் என்ற வரிசை. ஒலியை முழுசாகக் குறைத்துவிட்டுச் செருகி, பிறகு மின்சாரம் போடணும். எடுக்கும்போதும் அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பொறுக்கணும், கண்டென்சர்கள் காலியாக நேரம் பிடிக்கும். மைக் பக்கக் கேபிள் மூன்று பின்னும் சரியாக உள்ள எக்ஸ்எல்ஆராக இருக்கணும். ரிப்பன் மைக் வைத்திருப்பவர்கள் மட்டும் கூடுதல் கவனம்: கேபிளில் ஒரு கம்பி அறுந்தாலோ ஷீல்டோடு உரசினாலோ இரண்டு குளத்தின் மட்டமும் மாறிவிடும், மெல்லிய ரிப்பன் அதைத் தாங்காது. அதேபோல், கணினியின் 3.5 மி.மீ. துளையில் வருகிற சில வோல்ட்டையும் ஃபேன்டத்தையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது எலெக்ட்ரெட் மைக்குக்கானது. 1962ல் பெல் ஆய்வகத்தில் ஜேம்ஸ் வெஸ்ட்டும் கெர்ஹார்டு செஸ்லரும் மின்னேற்றத்தைச் சவ்விலேயே நிரந்தரமாக உறைய வைத்தார்கள். அதனால் சவ்வுக்கு மின்சாரம் வேண்டாம், உள்ளே உள்ள குட்டி ஆம்ப்ளிஃபயருக்கு மட்டும் துளி போதும். ஸ்டுடியோ மைக்கை வெறும் மாற்றுக் கேபிள் போட்டு அந்தத் துளையில் செருகிவிட்டு 'சத்தமே வரலை' என்று மைக்கைத் திட்டுவதில் பலன் இல்லை. வால்வு மைக் வாங்கினால் அதோடு வருகிற பெட்டியும் வேறு. அது 1928 பரம்பரை, 48 வோல்ட் அதன் பக்கம் போகாது.

சினிமா ஒலிப்பதிவாளர்களின் கையில் இன்றும் இருக்கிற சென்ஹைசர் 416 மைக்கில், எண்ணுக்குப் பின்னால் 'பி48' என்று சேர்த்து எழுதியிருக்கும். அந்த வால் ஏன் என்று இப்போது தெரிந்திருக்கும்: ஒரு காலத்தில் அதே மைக் டி-பவரிலும் விற்றது. பழைய சரக்கு கைக்கு வந்தால் அந்த எழுத்தைப் படித்துவிட்டுக் காசு கொடுங்கள். 'டி' என்றிருந்தால் உங்கள் 48 வோல்ட் பெட்டி நேரடியாக அதற்கு ஆகாது. நடுவில் ஓர் அடாப்டர் வேண்டும்.